எட்டு நிமிஷம் முந்தி

ஜன்னல் சீட்டை நீங்களே எடுத்துக்கிடுங்க தம்பி. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. எனக்கு வேண்டியது ஒரு காது. ஆரப்பாளையத்துல எடுத்த வண்டி கோயம்புத்தூர் போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்லுதாரு. அந்த அஞ்சு மணி நேரந்தான் எனக்குப் பேச்சு. எறங்கினப்புறம் கிடையாது. நாளைக்குக் காலையில என் மகளுக்குக் கல்யாணம். அப்பா வரலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டிருக்கா. பெத்த மக, ஒத்தப் பிள்ளை. ஒரு வார்த்தை பேசினேன்னா அப்படியே திரும்பி ஊரைப் பாக்கப் போயிரணும், தாலி கட்டுறதைப் பாக்க முடியாது. இதான் நிபந்தனை.

அதனால உள்ள கிடக்கிறதையெல்லாம் பல்லடம் வர்றதுக்குள்ள எறக்கி வச்சிரணும்னு பாக்கேன். நீங்க தூங்கினாலும் பரவால்ல, அப்பப்ப ஒரு தடவை தலையாட்டினாப் போதும்.

குடிச்சிருக்கேன்னு நெனச்சிராதீங்க. காலையில ஒரு டீ, அவ்வளவுதான். ராத்திரி தூக்கமில்ல, அதான் கண்ணு இப்படிக் கிடக்கு. நீங்க வந்து உக்காந்ததுமே உங்க தலைமுடியைப் பத்தி ஒண்ணு தோணிச்சு, நாக்கு நுனிக்கு வந்துட்டு. சொல்ல மாட்டேன். பழைய கொம்பையான்னா சொல்லியிருப்பான், முன்னாடி நாலு சீட்டு பின்னாடி நாலு சீட்டு சிரிச்சிருக்கும், நீங்களும் சிரிச்சிருப்பிய. இப்ப பயமா இருக்கு.

ஆமா, கொம்பையாதான் என் பேரு. திருநெல்வேலி - திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி வழி, தனியார் வண்டியில இருவத்தெட்டு வருஷம் கண்டக்டர். அந்த ரூட்ல போயி கேட்டுப் பாருங்க. முந்தின வண்டியை விட்டுட்டு என் வண்டிக்குக் காத்திருந்து ஏறுவாங்க, எதுக்கு, என் வாய்க்கு. ஒரு டீச்சரம்மா உண்டு, நல்ல உடம்புக்காரங்க, தெனமும் காலையில வருவாங்க. அவங்க ஏறினதும் டிரைவரைப் பாத்து, "அண்ணாச்சி, டயர்ல காத்து பாத்துக்கிடுங்க"ன்னு ஒரு கொரல் குடுப்பேன். வண்டியே குலுங்கும். டீச்சரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சிக்கிடுவாங்க. நாலு வருஷம் வந்தாங்க, அப்புறம் காணல. மாறுதல் ஆயிட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, அரை மணி நேரம் கழிச்சு வர்ற வண்டியில வாராங்களாம். அந்த டிரைவர் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல நேரத்தை மாத்தியிருப்பாங்க போல.

சரி, விஷயத்துக்கு வாரேன். என் மக பேரு ஆவுடைச்செல்வி. கண்ணாஸ்பத்திரியில வேலை, கண்ணு பாத்து கண்ணாடிக்கு எழுதிக் குடுப்பாங்கள்லா, அது. கெட்டிக்காரி. நெறம் கொஞ்சம் என்னை மாதிரி. அதுல பாருங்க, மாப்பிள்ளை அமையறது இழுத்துக்கிட்டே போச்சு. ஏழு பேரு வந்து பாத்துட்டுப் போனான். ஒருத்தன் நெறம்னான், ஒருத்தன் உயரம்னான், ஒருத்தன் ஒண்ணுமே சொல்லாம பஜ்ஜியைத் தின்னுட்டுப் போயிட்டான். ஏழு தடவையும் பட்டுச் சேலை கட்டி, பூ வச்சு, காப்பித் தட்டைத் தூக்கிட்டு வந்தா. ஒவ்வொரு தடவையும் அவங்க போனப்புறம் வீடு செத்த வீடு மாதிரி ஆயிரும். அதைப் போக்கணும்லா. நான் வாசப்படியில நின்னுக்கிட்டு, "தாயி, இந்த வண்டியும் நம்ம ஸ்டாப்புல நிக்காமப் போயிட்டே"ம்பேன். சொர்ணம் சிரிப்பா, சொர்ணம் என் வீட்டுக்காரி. ஆவுடையும் சிரிப்பா, சிரிச்சுக்கிட்டே பூவை எடுத்து ஜன்னல்ல வச்சிட்டு உள்ள போயிருவா. அப்படித்தான் நான் அந்தப் பிள்ளையைத் தேத்தினேன். வேற எந்த அப்பன் செய்வான்?

எட்டாவது கோவில்பட்டிச் சம்பந்தம். பையன் கம்பெனி வேலை. தகப்பனாரு போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அமைதியான மனுஷன். அவங்களுக்குப் பிடிச்சிட்டு. ஒரே மாசத்துல நிச்சயத்துக்கு நாள் குறிச்சு, மண்டபம் பிடிச்சு, சொந்தக்காரன் ஒருத்தன் விடாம சொல்லியாச்சு.

இப்ப ஒரு முறை சொல்லணும் உங்களுக்கு. எங்க பக்கம் நிச்சயத் தட்டு மாத்திட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரரு நமக்குச் சம்பந்தி, கொண்டான் கொடுத்தான். அதுக்கப்புறம் என்ன கேலி வேணும்னாலும் பேசலாம், அது உரிமை. பேசலேன்னாத்தான் கொறை. என் அக்கா நிச்சயத்துல எங்கப்பா மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் சம்பந்தியைக் காய்ச்சினாரு, அந்த மனுஷன் அதை ஊர் ஊராச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. தட்டு மாத்துறதுக்கு முந்தி மட்டும் பேசக் கூடாது. அதுவரைக்கும் அவங்க அசலாரு. தட்டு மாத்தக் குறிச்ச நேரம் பதினொண்ணேகால். இதை மனசுல வச்சிக்கிடுங்க.

நிச்சயத்தன்னைக்கு லக்னப் பத்திரிகை வாசிச்சாச்சு. தட்டு ரெண்டு பக்கமும் தயாரா இருக்கு. நேரம் ஆகணும்னு காத்திருக்கோம். அப்ப அந்த போஸ்ட்மாஸ்டர் எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "பொண்ணு மனசையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமே"ன்னாரு. நல்ல எண்ணத்துல சொன்னாரு. ஆனா சபையில ஒரு அமைதி விழுந்துட்டு. எனக்கு அமைதின்னா ஆகாது தம்பி. வண்டி நடுரோட்டுல ஆஃப் ஆன மாதிரி இருக்கும். பத்திரிகை வாசிச்சவர் கையில இருந்த மைக்கை வாங்கிட்டேன்.

"அவ மனசை என்னத்துக்குச் சம்பந்தி கேக்கிய? ஏழு வண்டி நிக்காமப் போயிட்டு. எட்டாவதா ஒண்ணு இப்பத்தான் லேசா ஸ்லோ பண்ணியிருக்கு. சீட்டு இருக்கா, ஃபேன் ஓடுதான்னு பாக்குற நேரமா இது? படியில தொத்தியாவது ஏத்தி விட்டுருவோம். ரைட், போலாம்."

சொல்லிட்டு வாயாலேயே விசிலும் அடிச்சேன். மண்டபம் அதிர்ந்துட்டு. சமையக்கட்டுல இருந்து ஆள் எட்டிப் பாக்கான். மாப்பிள்ளைப் பையன் பக்கத்துல இருந்த கூட்டாளி தோளைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு சிரிக்கான். நல்லா கேட்டுக்கிடுங்க, அவனே சிரிச்சான். மனசு நோக வேண்டிய ஆள் அவன்தான? அவனைத்தான வண்டின்னு சொன்னேன்? இருவத்தெட்டு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கினதில்ல.

ஆவுடை மட்டும் அந்தப் பையனையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எந்திரிச்சா. மெதுவா நடந்து போயி போஸ்ட்மாஸ்டர் முன்னாடி நின்னா. கொரல் ஒசரல, அழல. "மாமா, என்கிட்ட கேக்கணும்னு தோணினது உங்க ஒருத்தருக்குத்தான். எனக்குச் சம்மதம் இல்ல. தட்டை எடுத்துட்டுப் போயிருங்க"ன்னா.

அவ்வளவுதான் தம்பி. பந்திக்கு வெட்டி வச்ச எலை வெட்டினபடியே கெடந்துது.

என் மச்சினன் உலகநாதன், சொர்ணத்துக்குத் தம்பி, அவன்தான் சொன்னான், "அத்தான், தட்டு மாத்துறதுக்கு முந்தி கேலி பேசிட்டிய, முறை தப்பிட்டு, அதான் சபை கலைஞ்சிட்டு"ன்னு. எனக்குச் சுருக்குன்னுது. வீடியோவைப் போட்டுப் பாத்தேன், அதுல நேரம் ஓடும்லா. நான் மைக்கை வாங்கினது பதினொண்ணு ஏழு. எட்டு நிமிஷம் தம்பி. எட்டே எட்டு நிமிஷம் நாக்கை அடக்கியிருந்தா அதே பேச்சு முறையான பேச்சாயிருக்கும். அந்த வீடியோவை நூறு தடவை பாத்திருப்பேன். மைக்கை வாங்குத எடத்துல நிறுத்தி நிறுத்திப் பாப்பேன், வாங்காதலே, வாங்காதலேன்னு என்னையே வைவேன்.

தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேக்குத ஆளு நான். நான் கேட்ட மாதிரி இந்த ஜில்லாவுல ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான். கோவில்பட்டிக்கு ரெண்டு தடவை போனேன். அந்தப் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். போஸ்ட்மாஸ்டர் கால்லயே விழப் போனேன், அவரு தூக்கி விட்டு, காப்பி குடுத்து, "என்கிட்ட என்னத்துக்கு அண்ணாச்சி கேக்கிய?"ன்னாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல நூத்திப் பத்து பேரு, அதுல குரல் பதிவு போட்டேன், மூணு நிமிஷம். யாரோ சிரிக்கிற பொம்மையைப் போட்டான், அதுக்கும் ஒரு மன்னிப்பு போட்டேன். சமையல்காரர்கிட்ட கேட்டேன். வீடியோ எடுத்த பையன்கிட்ட கேட்டேன். மேளக்காரரு ரெண்டு பேரும் அன்னைக்கு வாசிக்காமத் திரும்பினாங்க, அவங்களைத் தேடிப் போயி கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்ல.

பத்து நாள் கழிச்சு ஆவுடை கோயம்புத்தூருக்கு வேலை மாத்திக்கிட்டுக் கெளம்பினா. சொர்ணமும் கூடப் பெட்டியைக் கட்டினா. எனக்கு ஒண்ணும் புரியல. அவளாவது என் பக்கம்னு நெனச்சேன், முப்பது வருஷமா என் பேச்சுக்கு முதல் சிரிப்பு அவ சிரிப்புதான். நீயுமா போறேன்னு கேட்டேன். பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா:

"நான் சிரிச்சேன்னா நாலு பேரு முன்னாடி நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னு சிரிச்சேன். சிரிப்பு வந்து சிரிச்சதில்ல."

இதுக்கு என்ன அர்த்தம்னு ஏழு மாசமா யோசிக்கேன். முப்பது வருஷத்துல ஒரு தடவை கூடவா வராது? ஒரே ஒரு தடவை? நானே சோறு வடிச்சு நானே தின்னுக்கிட்டு சுவரைப் பாத்து அதையே கேக்கேன் தம்பி. ஒரு நா கண்ணாடி முன்னாடி நின்னு அந்த ஏழு வண்டிப் பேச்சைச் சொல்லிப் பாத்தேன். எனக்கே சிரிப்பு வரல. அப்புறம் அழுகைதான் வந்துது, நாப்பது வருஷத்துல முதல் தடவையா.

வேலையிலயும் நிம்மதி இல்ல. நாக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஒரு நா வண்டியில ஒருத்தரு திக்கித் திக்கி ஊர் பேரு சொன்னாரு, நான் பழைய நெனப்புல, ஊரு வந்தப்புறம் சொல்லி முடிங்கன்னுட்டேன். யாரும் சிரிக்கல. காலேஜ் பொண்ணு ஒண்ணு, ஆவுடை வயசுதான் இருக்கும், போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு, "அண்ணாச்சி, அதைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்"னுது. எனக்குக் கையில இருந்த டிக்கெட் கட்டு விழுந்துட்டு. அந்தப் பொண்ணு எடுத்தது மொதலாளி போன் வரைக்கும் போயிட்டு, ரெண்டாம் நாள் கூப்பிட்டு விட்டாரு. இனிமே ஊர் பேரைக் கேளு, டிக்கெட்டைக் குடு, அதுக்கு மேல ஒரு எழுத்து பேசினேன்னா வீட்டுக்குப் போயிரலாம்னுட்டாரு.

அன்னையில இருந்து ஒரு பேச்சு வாயில வந்தா நின்னு யோசிப்பேன். குண்டா இருக்கவங்களைச் சொல்லக் கூடாது. ஒல்லியையும் சொல்லக் கூடாது. நெறம், காது கேக்காதவங்க, மாமியா, மருமக, கல்யாணம் ஆகாதவங்க, பிள்ளை இல்லாதவங்க, யாரையும் தொடக் கூடாது. சரி, என்னையவே கேலி பண்ணிக்கிடுவோம், அதுக்கு யாரும் போன் தூக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு ட்ரிப் முழுக்க யோசிச்சேன் தம்பி, திசையன்விளை வரைக்கும். ஒண்ணுமே தோணல. இருவத்தெட்டு வருஷத்துல என்னை வச்சு நான் ஒரு கேலி கூட பண்ணினதில்லங்கிறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா என்கிட்ட கேலி பண்ண என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

போன வாரம் உலகநாதன் வந்தான். ஆவுடைக்கு வியாழக்கிழமை கல்யாணம், ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்குற பையனாம், கோயில்ல வச்சு இருவது பேரோட முடிக்காங்கன்னான். எனக்குப் பத்திரிகை கிடையாது. பொண்ணு பாக்க வந்தானா, காப்பி குடுத்தாளா, ஒண்ணும் தெரியாது. நான் அழைப்பு இல்லாமயே வருவேன், ஓரமா நிப்பேன்னு அவன் காலைப் பிடிக்காத கொறையாக் கெஞ்சினேன். அவன் போன் போட்டு பேசிட்டு வந்துதான் அந்த நிபந்தனையைச் சொன்னான். நான் ஒத்துக்கிட்டேன். நாக்கை அறுத்து வச்சிட்டு வரச் சொன்னாலும் ஒத்துக்கிட்டிருப்பேன்.

என்ன கேட்டிய?

மககிட்டயா? மககிட்ட மன்னிப்பா?

இல்ல. அவகிட்ட எதுக்கு? அவ என் பிள்ளைலா. அசலாருக்குத்தான மனசு நோகும், அவங்ககிட்டத்தான கேக்கணும். பெத்த பிள்ளைக்கு அப்பன் என்ன நெனச்சுப் பேசினான்னு தெரியாதா? தேத்தத்தான பேசினேன், எப்பவும் தேத்தத்தான பேசினேன். அவளைப் பத்தியா பேசினேன் நான்? வண்டியைப் பத்தி...

அவளைப் பத்தித்தான் பேசியிருக்கேன், என்ன?

ஏழு பேரு வேண்டாம்னு போனதை முந்நூறு பேருக்கு மைக்குல சொல்லியிருக்கேன். அந்தப் பையனுக்கு அது தெரியாது. அஞ்சாறு எடம் வந்து பாத்தாங்கன்னு கூட நாங்க சொல்லல. அவன் அன்னைக்குத்தான் கேக்கான், கேட்டுச் சிரிக்கான். அவ அவனைப் பாத்துக்கிட்டு இருந்தா. அய்யோ தம்பி. ஏழு மாசமா நான் எட்டு நிமிஷத்தைக் கணக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க.

கேட்டிரணும். கேட்டிரணும் தம்பி, நீங்க சொல்லுறது சரி. வாயைத் திறக்கக் கூடாதுன்னா என்ன, இது ஒண்ணைச் சொல்லிட்டுத் திருப்பி அனுப்பினாலும் போயிருதேன். நீங்க ஆவுடைன்னு வச்சிக்கிடுங்க. தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் சொல்லிப் பாக்கேன்.

தாயி, அப்பா உன்னைச் சபையில வச்சு கேவலப்படுத்திட்டேன். அப்பாவை மன்னிச்சிரு. அதுக்கென்ன, நிக்காமப் போன வண்டியெல்லாம் டப்பா வண்டி, இப்பப் பாரு ஒன்பதாவது வண்டி ஏசி...

பாத்தியளா. பாத்தியளா தம்பி, எப்படி வருதுன்னு. நான் கூப்பிடல அதை. இன்னொரு தடவை. தாயி, அப்பா பேசினது தப்பு, பெரிய தப்பு. அப்பாவுக்கு வாயில பிரேக்கு இல்ல, அது உனக்குத் தெரியும்லா, டிரைவர் கூட...

சனியன். சனியன் பிடிச்ச வாய். இல்ல, அடிச்சிக்கிட விடுங்க, கையைப் பிடிக்காதீங்க. எல்லாரும் பாத்தாப் பாக்கட்டும். அழுகை தொண்டைக்கு வரும்போதெல்லாம் இது முந்திக்கிட்டு வருது தம்பி. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். எங்கம்மா செத்த அன்னைக்கும் நான் ஒரு பேச்சு பேசி நாலு பேரைச் சிரிக்க வச்சேன்.

போன் அடிக்குது. உலகநாதனா இருக்கும், எங்க வாரேன்னு கேப்பான்.

இல்ல. ஆவுடைன்னு போட்டிருக்கு. தம்பி, ஆவுடை. ஏழு மாசத்துல முதல் தடவை. நீங்க எடுங்க. எடுங்க தம்பி, கட் ஆயிரும், எனக்குக் கை ஓடல. அப்பா பக்கத்துல இருக்காருன்னு சொல்லுங்க. தாராபுரம் தாண்டியாச்சுன்னு சொல்லுங்க.

என்ன கேக்கா? சாப்பிட்டேனான்னா? சாப்பிட்டேன்னு சொல்லுங்க. சாப்பிடல, ஆனா சாப்பிட்டேன்னு சொல்லுங்க.

என்கிட்ட குடுக்கச் சொல்லுதாளா? வேண்டாம். வேண்டாம் தம்பி, இந்தப் பக்கம் நீட்டாதீங்க. நான் சொல்லிப் பாத்ததை இப்பத்தான நீங்களே கேட்டிய. அது வந்துரும். தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லுங்க.

என்னது? அப்பாவுக்கு அவகிட்ட ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்காளா? அப்படியேவா கேட்டா?

இல்லன்னு சொல்லுங்க. தலையைத்தான ஆட்டுதேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க.

வச்சிட்டாளா.

நான் பேசல. பாத்தியளா தம்பி, ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தேன்னா என்ன வந்திருக்குமோ, நாளைக்குக் கல்யாணம், அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க அழுதிருக்கும். பேசாம இருந்தது நல்லதுதான? அவளே சொன்னதுதான, பேசக் கூடாதுன்னு? அப்புறம் என்னத்துக்கு என்னைக் கேக்கா?

ஏன் தம்பி, கடைசியா என்ன சொன்னா? சரின்னாளா? எப்படிச் சொன்னா அந்தச் சரியை? கோவமாச் சொன்னாளா? அழுதாளா? நான் நாலு பேரு கொரலைக் கேட்டே எந்த ஸ்டாப்பு ஆளுன்னு சொல்லிருவேன், என் பிள்ளை சரின்னு சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல தம்பி. இத்தனை வருஷத்துல அவ சொல்லி முடிக்க நான் விட்டதே இல்ல.

திருப்பி அடிங்க. அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கினாப் போகும். நான் பேச மாட்டேன், சத்தியமாப் பேச மாட்டேன், இந்தா துண்டை வாயில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கிடுதேன். அவ எடுத்ததும் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. என் காதுல வச்சாப் போதும்.